141-ஆம் பாகையும் முள்ளம்பன்றி ஆற்று மான்களும்

1825-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பிரிட்டனும் ருஷ்யாவும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டன. வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் யார் நிலம் எதுவரை என்பதுதான் விவகாரம். மேற்குத் தீர்க்கரேகை 141 பாகை என்று ஒரு கோட்டைப் பிடித்து, அதற்கு மேற்கே ருஷ்யாவுக்கு, கிழக்கே பிரிட்டனுக்கு, கோடு உறைந்த கடல்வரை போகும் என்று எழுதி முடித்தார்கள். கையெழுத்துப் போட்ட மேசைக்கும் அந்த நிலத்துக்கும் பாதி உலகம் தூரம்.

பத்திரப் பதிவு ஆபீசில் பல வருஷம் குப்பை கொட்டியவன் நான். செக்குபந்தி என்று நாலு எல்லையையும் எழுதும்போது, அங்கே ஒரு வரப்போ, கிணறோ, பக்கத்து வீட்டுச் சுவரோ இருக்கும். இந்த 141-க்கு அப்படி எதுவும் கிடையாது. ஆறு, மலை, காடு எல்லாவற்றையும் ஒரே வெட்டாக வெட்டிக்கொண்டு போகிறது.

அதனால் வந்த முதல் கூத்து ஹட்சன் பே கம்பெனியுடையது. நம்மூருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எப்படியோ, கனடாவுக்கு அது அப்படி. தோல் வியாபாரம். 1847-இல் யூகான் ஆற்றோடு போர்க்குபைன் ஆறு வந்து சேரும் இடத்தில் யூகான் கோட்டை என்று ஒரு பண்டகசாலை கட்டினார்கள். போர்க்குபைன் என்றால் முள்ளம்பன்றி. அந்த இடம் கோட்டுக்கு மேற்கே ருஷ்யாவின் பக்கத்தில் இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்கே தெரியும். கேட்க ஆள் இல்லை, வியாபாரம் நடந்தது. 1867-இல் ருஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் ரேமண்ட் கருவிகளோடு வந்து அளந்து பார்த்து, இது எங்கள் நிலம், கிளம்புங்கள் என்றார். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு முள்ளம்பன்றி ஆற்றின் மேல்போக்கில் போய் இன்னொரு பண்டகசாலை போட்டது. 1889-இல் டர்னர் என்ற சர்வேயர் வந்தார். அளந்தால் அதுவும் அமெரிக்காவிலேயே இருக்கிறது! மறுபடியும் மூட்டை. இந்தத் தடவை கோட்டுக்குப் பக்கத்திலேயே, கனடா மண்ணில், ராம்பார்ட் ஹவுஸ் என்று கட்டினார்கள். 1909-இலிருந்து 1913-க்குள் இரு நாட்டு சர்வேயர்களும் சேர்ந்து, காட்டில் 20 அடி அகலத்துக்கு மரத்தை வெட்டிக் கோட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கிவிட்டார்கள்.

இந்த அளவையும் இடமாற்றமும் நடந்துகொண்டிருந்த காலம் முழுவதும் அதே கோட்டை வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு கூட்டம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியை இழுப்பதாகப் படம் போடுவார்களே, அந்தப் பனிமான் இனம்தான். வட அமெரிக்காவில் காட்டில் திரியும் அதற்குக் கரிபு என்று பெயர். மிக்மாக் என்ற பழங்குடியினரின் சொல் அது. பனியைக் கிளறுகிறவன் என்று பொருள். குளிர்காலத்தில் பனிக்கு அடியில் இருக்கும் ஒருவகைப் பாசியை முன்னங்குளம்பால் தோண்டித் தின்னும். நம் வீட்டில் பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிற கல்பாசி இருக்கிறதல்லவா, அது இந்தப் பாசிக்குப் பங்காளி முறை. ஆறு மாதம் கல்பாசி தின்று உயிர்வாழ்கிற ஜீவன் என்று நினைத்துப் பாருங்கள்.

முள்ளம்பன்றி ஆற்றைத் தாண்டித் தாண்டிப் போவதால் இந்த மந்தைக்கும் அந்த ஆற்றின் பெயரே நிலைத்துவிட்டது. 2017-இல் எண்ணியபோது சுமார் 2,18,000 மான்கள் இருந்தன. குளிர்காலத்தில் கனடாவின் யூகான் பகுதியிலும் அலாஸ்காவின் உட்பகுதியிலும் ஊசியிலைக் காடுகளில் சிதறிக் கிடக்கும். ஏப்ரல் வாக்கில் சினைப் பெட்டைகள் முதலில் வடக்கே கிளம்பும். கிடாக்களும் போன வருஷத்துக் குட்டிகளும் அவசரமில்லாமல் பின்னால் வரும். இந்த இனத்தில் பெட்டைக்கும் கொம்பு உண்டு. கிடாவின் கொம்பு குளிர்காலத் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். சினைப் பெட்டை மட்டும் குட்டி போடும் வரை கொம்பை வைத்திருக்கும். பனியில் தோண்டிய குழியை மற்றவை பறிக்க வந்தால் முட்டித் தள்ள அது வேண்டியிருக்கிறது. மசக்கைக்காரிக்கு முதல் பந்தி. இயற்கையின் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

மலை, பனி, உடைந்து ஓடும் ஆறு எல்லாவற்றையும் கடந்து மே கடைசியில் ஆர்க்டிக் கடற்கரைச் சமவெளியை அடையும். ஜூன் முதல் வாரத்தை ஒட்டிச் சில நாட்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் பிறந்துவிடும். பிறந்த சிறிது நேரத்தில் குட்டி எழுந்து நின்றுவிடும். ஓரிரு நாளில் தாயோடு ஓடும். ஜூலையில் கொசுவும் ஈயும் மேகம் மேகமாக வரும். மந்தை கடலோரக் காற்றில் நெருக்கியடித்து நிற்கும். பிறகு மெல்லத் தெற்கே திரும்பும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, உலகத்தில் தரைவழியாக மிக அதிகத் தூரம் வலசை போகும் விலங்கு கரிபுதான் என்று சொல்லியது. நேர்கோட்டில் அளந்தாலே போய்வர 1,000 கிலோமீட்டருக்கு மேல். சுற்றி வளைத்து நடப்பதையெல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 4,000-ஐத் தாண்டும்.

ஏன் இந்தப் பாடு, காட்டிலேயே குட்டி போடக் கூடாதா? மூன்று காரணம் உண்டு. அந்தக் கடலோரத்தில் பஞ்சு போலப் பூக்கும் ஒரு கோரை, பனி உருகிய உடனே தளிர்க்கும். பால் சுரக்கிற தாய்க்கு அது சத்து. ஓநாய், கரடி, கழுகு எல்லாம் மலையடிவாரத்தில்தான் அதிகம், சமவெளியில் குறைவு. மூன்றாவது, கடற்காற்று. 2000, 2001 ஆகிய இரு வருஷங்களும் பனி உருகத் தாமதமாயிற்று. பெட்டைகளால் சமவெளிக்குப் போய்ச் சேர முடியாமல் கனடாப் பக்கத்திலேயே குட்டி போட்டன. வழக்கத்தைவிட அதிகமான குட்டிகள் ஜூன் முடிவதற்குள் செத்துப்போயின. பிரசவ இடம் மாறினால் என்ன ஆகும் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கோட்டைத் திரும்பப் பாருங்கள். பிரசவ இடத்தின் முக்கியமான பகுதி கோட்டுக்கு மேற்கே, அமெரிக்காவில் இருக்கிறது. குளிர்காலக் காட்டின் பெரும்பகுதி கிழக்கே, கனடாவில். ஒரே மந்தைக்குத் தாய்வீடு ஒரு தேசம், புகுந்த வீடு இன்னொரு தேசம். ஒரு தேசத்தார் எடுக்கும் முடிவை இன்னொரு தேசத்தார் அனுபவிக்க வேண்டும். பிற்பாடு வந்த அத்தனை சண்டைக்கும் இதுதான் வேர்.

இந்த மந்தையை நம்பி வாழ்கிறவர்கள் குவிச்சின் மக்கள். கோடு அவர்களையும் இரண்டாகப் பிரித்தது. அலாஸ்காவில் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற கிராமம், கனடாவில் ஓல்ட் குரோ என்ற கிராமம். ராம்பார்ட் ஹவுஸில் இருந்தவர்கள் பிற்பாடு குடிபெயர்ந்ததும் ஓல்ட் குரோவுக்குத்தான். இன்றும் அங்கே சுமார் 250 பேர், சாலை கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். மளிகைச் சாமான் விமானத்தில் வந்தால் என்ன விலை இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவர்களுக்குக் கரிபு கறி ருசிக்காகத் தின்பதல்ல. அதுதான் சாப்பாடு.

துப்பாக்கி வருவதற்கு முன் அவர்கள் வேட்டையாடிய விதம் அபாரமானது. மரக்கழிகளை நட்டு, கிலோமீட்டர் கணக்கில் இரண்டு வேலிகளை முறம் போல விரித்துக் கட்டுவார்கள். அகலமான வாய்ப்பக்கத்தில் நுழைகிற மான்கள், குறுகிய பக்கத்தில் இருக்கும் பட்டிக்குள் வந்து சேரும். பட்டியில் தோல்வாரால் செய்த சுருக்குகள் தொங்கும். மான் எந்த மாதத்தில் எந்தக் கணவாய் வழியாக வரும் என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்திருந்தால் ஒழிய இப்படி வேலி போட முடியாது. அந்த வேலிகளின் மிச்சம் யூகானில் உள்ள வுன்டுட் தேசியப் பூங்காவில் இன்னும் இருக்கிறது. வலசையில் முதலில் வரும் கூட்டத்தைச் சுடாமல் விட்டுவிட வேண்டும் என்றும் ஒரு கட்டுப்பாடு. முன்னோடிகள் கலைந்தால் பின்னால் வருகிறவை வழி மாறிவிடும் என்பது பெரியவர்கள் சொன்ன கணக்கு. பிற்காலத்தில் யூகானில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை போட்டபோது, அரசாங்கமும் இதையே சட்டமாக்கி, முதல் கூட்டம் சாலையைத் தாண்டும்வரை வேட்டைக்குத் தடை போட்டது.

பிரசவச் சமவெளிக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்கு, உயிர் தொடங்கும் புனிதமான இடம் என்று பொருள். பஞ்ச காலத்தில்கூட அங்கே வேட்டைக்குப் போவதில்லை என்கிறார்கள்.

1960-இல் ஐசன்ஹோவர் ஆட்சியில் அலாஸ்காவின் அந்த மூலையில் 89 லட்சம் ஏக்கரை வனவிலங்குகளுக்கு ஒதுக்கினார்கள். 1968-இல் அதற்கு மேற்கே புருடோ பே என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. அவ்வளவுதான், எல்லாக் கண்களும் வடக்கே திரும்பின. எரிவாயுவை இந்த மான்களின் பாதை வழியாகவே குழாய் போட்டுக் கனடா வழியாகத் தெற்கே கொண்டுபோகத் திட்டம் வந்தது. விசாரிக்க 1974-இல் நீதிபதி தாமஸ் பெர்கர் என்பவரைக் கனடா அரசு நியமித்தது.

நம்மூரில் விசாரணைக் கமிஷன் என்றால் எப்படி என்று நமக்குத் தெரியும். இந்த மனிதர் வேறு ரகம். தலைநகரில் உட்காராமல் 35 ஊர்களுக்கு நேரே போனார். கிராமத்துக் கூடத்தில் உட்கார்ந்து, அவரவர் பாஷையில் கிழவிகளும் வேட்டைக்காரர்களும் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நடந்தது தினமும் பழங்குடி மொழிகளில் வானொலியில் ஒலிபரப்பாயிற்று. 1977 மே மாதம் அறிக்கை வந்தது. யூகானின் வடக்குக் கரையில் குழாய் என்றைக்குமே கூடாது, அங்கே பூங்கா அமையுங்கள், மற்றப் பாதைக்குப் பத்து வருஷம் பொறுங்கள் என்று எழுதினார். ஓர் அரசாங்க அறிக்கை கடைகளில் புத்தகமாக விற்றுத் தீர்ந்தது என்றால் நம்ப முடிகிறதா? 1984-இல் கனடா தன் பக்கத்துக் கடலோரத்தைத் தேசியப் பூங்காவாக்கியது.

அமெரிக்கா பாதிக் கதவைத்தான் சாத்தியது. 1980 டிசம்பரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் சரணாலயத்தை ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் ஏக்கராகப் பெருக்கியது. ஆனால் கடலோரச் சமவெளி 15 லட்சம் ஏக்கரை மட்டும் 1002-ஆம் பிரிவு என்று தனியே வைத்து, எண்ணெய் இருக்கிறதா பார்க்கலாம், தோண்டுவதானால் நாடாளுமன்றம் அனுமதிக்க வேண்டும் என்று எழுதியது. பிரசவ இடம் அதற்குள்தான். பத்திரத்தில் ஒரு வரியைத் தெளிவில்லாமல் விட்டால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலையும் என்பதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். 1002 அந்த மாதிரி வரி. 1987-இல் இரு நாடுகளும் மந்தையைக் காக்க ஓர் ஒப்பந்தம் செய்தன. கலந்து பேச வேண்டும் என்கிறது. தடுக்கும் அதிகாரம் யாருக்கும் தரவில்லை.

1988 ஜூனில் இரு நாட்டுக் குவிச்சின் மக்களும் ஆர்க்டிக் வில்லேஜில் கூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக அப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. மந்தைக்காக வாஷிங்டன்வரை போய் வாதாட ஒரு குழுவை அமைத்தார்கள். மறுவருஷம் மார்ச் 16-ஆம் தேதி செனட் கமிட்டி ஒன்று தோண்டுவதற்கு ஆதரவாக மசோதாவை நிறைவேற்றியது. எட்டே நாளில், மார்ச் 24-ஆம் தேதி, எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்கா கடலில் தரைதட்டி ஒரு கோடி காலனுக்கு மேல் எண்ணெய் கொட்டியது. மசோதா அப்படியே அமுங்கிப்போயிற்று. 1995-இல் பட்ஜெட்டோடு சேர்த்து மறுபடி கொண்டுவந்தார்கள். கிளின்டன் வீட்டோ செய்தார்.

2003-இல் நடந்ததில் நம் நாட்டுக்காரர் ஒருவருக்குப் பங்கு உண்டு. சுபங்கர் பானர்ஜி. வங்காளத்தில் பிறந்து, அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். வேலையை விட்டுவிட்டு அந்தச் சரணாலயத்தில் நாலு பருவத்திலும் தங்கிப் படம் எடுத்தார். அந்தச் சமவெளி வெறும் வெள்ளைப் பாழ்நிலம், அங்கே ஒன்றுமே இல்லை என்று எண்ணெய்க்கு ஆதரவானவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம். 2003 மார்ச் 19-ஆம் தேதி செனட்டர் பார்பரா பாக்ஸர் அவருடைய படப்புத்தகத்தைச் சபையிலேயே தூக்கிக் காட்டினார். வாக்கெடுப்பில் 52-க்கு 48 என்று தோண்டும் திட்டம் தோற்றது. அதற்கப்புறம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைக்கவிருந்த அவருடைய கண்காட்சியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி, படங்களுக்குக் கீழே எழுதியிருந்ததையும் வெட்டிச் சுருக்கினார்கள். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சையாயிற்று. படம் பேசிவிட்டது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியின் கடலோரத்திலேயே காக்டோவிக் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இன்யூபியாக் மக்கள். அங்கே பலர் எண்ணெய் எடுப்பதை ஆதரிக்கிறார்கள், சிலர் எதிர்க்கிறார்கள். புருடோ பே எண்ணெய் மீது விதித்த வரியில்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடமும் குழாய்த் தண்ணீரும் வந்தன. மண்ணின் சொந்தக்காரர்கள் நாங்கள், எங்களைக் கேட்காமல் ஊரார் ஏன் பேசுகிறார்கள் என்று அவர்கள் கேட்பதைத் தள்ளிவிட முடியாது.

இன்னொரு வாதமும் உண்டு. புருடோ பேயில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவிலும் வேறொரு கரிபு மந்தை பல மடங்கு பெருகியதே என்பார்கள். பெருகியது உண்மை. 1970-களில் ஏறக்குறைய 5,000 இருந்தது 2010 வாக்கில் 70,000-ஐ நெருங்கியது. பிறகு 2016-இல் 22,000 ஆகக் குறைந்ததும் உண்மை. ஆனால் அங்கே சமவெளி மிக அகலம், குட்டி போடும் பெட்டைகள் கிணறுகளை விட்டு விலகிப் போக இடம் இருந்தது. முள்ளம்பன்றி மந்தையின் சமவெளியில் மலை கடலை நெருங்கி வந்துவிடுகிறது. விலகினால் மலையடிவாரம். அங்கே ஓநாயும் கரடியும். இந்த ஒரு பூகோள விஷயத்தை வரைபடம் பார்க்காமல் பேசுகிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

கரிபு மந்தை தானாகவும் ஏறி இறங்கும் என்பது தெரிந்ததே. ஆனால் மற்ற மந்தைகளின் கணக்கைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. கிழக்குக் கனடாவின் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 8 லட்சம். 2020-இல் சுமார் 8,000. பாத்தர்ஸ்ட் மந்தை 1986-இல் 4,70,000. 2018-இல் 8,200. முள்ளம்பன்றி மந்தை மட்டும் 2017-இல் அதுவரை எண்ணியதிலேயே அதிகமாக இருந்தது.

அந்த 2017 டிசம்பரிலேயே வரிக் குறைப்புச் சட்டம் ஒன்றுக்குள் செருகி, 1002-இல் தோண்ட அனுமதித்துவிட்டார்கள். நூறு கோடி டாலர் வருமானம் வரும் என்று கணக்குச் சொன்னார்கள். குவிச்சின் குழுவினர் இந்தத் தடவை வங்கிகளைத் தேடிப் போனார்கள். 2020 முடிவதற்குள் அமெரிக்காவின் பெரிய வங்கிகள் வரிசையாக, ஆர்க்டிக் எண்ணெய்க்குக் கடன் தரமாட்டோம் என்று அறிவித்தன. முதல் ஏலம் 2021 ஜனவரி 6-ஆம் தேதி. வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்த அதே நாள். அதனால் ஏலச் செய்தியை யாரும் கவனிக்கவில்லை. வந்தது 1 கோடியே 44 லட்சம் டாலர். பெரிய எண்ணெய்க் கம்பெனி ஒன்றுகூட வரவில்லை. பெரும்பாலான மனைகளை எடுத்தது அலாஸ்கா மாநில அரசின் ஒரு நிறுவனம். 2023-இல் பைடன் அரசு அந்தக் குத்தகைகளை ரத்து செய்தது. 2025 ஜனவரியில் இரண்டாவது ஏலம். ஒரு கேள்விகூட விழவில்லை. மார்ச்சில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது செல்லாது என்றது. ஜூலையில் வந்த புதுச் சட்டம், பத்து வருஷத்துக்குள் இன்னும் நாலு ஏலம் நடத்தியே ஆக வேண்டும் என்கிறது.

நம் பத்திரங்களில் வழிநடைப் பாத்தியம் என்று ஒன்று எழுதுவோம். நிலம் யார் கைக்கு மாறினாலும், காலகாலமாக நடந்துவந்தவனுக்கு அந்த வழி உண்டு. 1825 பத்திரத்தில் அதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு நூற்றாண்டாக 250 பேர் உள்ள ஊர்க்காரர்கள் விமானம் ஏறி ஏறிப் போய் அந்த ஒரு வரியைத்தான் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லலாமா என்றால், விமானம் ஏறத் தொடங்கி நாற்பது வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன் அவர்களை யாரும் கேட்டதில்லை. பெர்கர் ஒருவர்தான் கேட்டார்.